ஸ்காலப்: சிப்பியா, உருளைக்கிழங்கா, தையல் ஓரமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

சிட்னி_வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி மூத்தோர் குழுவை அடுத்த மாதம் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். மதியச் சாப்பாடு அங்கேயே ஒரு மீன் வறுவல் கடையில். குழுவில் பலருக்கு ஆங்கிலப் பட்டியல் படிக்கச் சிரமம், அதனால் அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

பட்டியலில் ஒரே சொல் மூன்று இடத்தில் நிற்கிறது. பொரித்த பண்டங்களில் வெறும் "ஸ்காலப்". கடல் உணவில் "சீ ஸ்காலப்". பக்க உணவில் "ஸ்காலப்டு பொட்டேட்டோ". இது போதாதென்று அடுத்த பக்கத்தில் "சிக்கன் எஸ்கலோப்" வேறு. கடையில் கேட்டுவிட்டேன்: முதலாவது உருளைக்கிழங்கு வட்டத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, இரண்டாவது நிஜமான சிப்பி. குழுவில் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர், ஆகவே இதில் குழப்பம் வரக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஸ்கேலப் சேலை ஓரத்தில் வரும் அரைவட்ட வேலைப்பாடு. இவை எல்லாம் ஒரே சொல்தானா, அல்லது தற்செயலாக ஒலி ஒத்துப்போன வேறு வேறு சொற்களா? வேர் தெரிந்தால் தமிழில் எப்படி எழுதுவது என்று முடிவு செய்ய உதவும்.

சொல்வேர்

நல்ல கேள்வி சகோதரி. அடியில் எல்லாம் ஒரே சொல்தான்.

பழைய பிரெஞ்சில் "எஸ்கலோப்" என்றால் ஓடு. 1400 வாக்கில் அது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது முன்னால் இருந்த எகரம் உதிர்ந்து ஸ்காலப் ஆனது. பொருளும் சுருங்கி, விசிறி மாதிரி விரிந்து வரிவரியாக இருக்கும் அந்த ஒரு சிப்பியை மட்டும் குறித்தது. குடும்பச் சின்னங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மட்டும் இன்றும் பழையபடி "எஸ்காலப்" என்று எகரத்தோடு எழுதுகிறார்கள்.

பிரெஞ்சுக்கும் அது செருமானிய மொழிகளிலிருந்து வந்த சரக்கு என்பதே அகராதிகள் தரும் விளக்கம். டச்சு மொழியில் சிப்பி ஓட்டுக்கு "ஸ்கெல்ப்". பழைய நார்ஸ் மொழியில் "ஸ்கால்ப்ர்" என்றால் உறை, கத்தி செருகும் உறை. ஆங்கிலத்தின் ஷெல், மீன் செதிலைக் குறிக்கும் ஸ்கேல், இரண்டும் இதே கூட்டம். மண்டைத் தோலைச் சொல்லும் ஸ்கால்ப் என்ற சொல்லையும் அந்த நார்ஸ் சொல்லின் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். உள்ளே இருப்பதை மூடிக்கொண்டு வெளியே நிற்பது எதுவோ அதுதான் இவற்றுக்குப் பொது. இன்னும் பின்னால் போனால் வெட்டுவது, பிளப்பது என்ற பொருளுள்ள ஒரு இந்தோ-ஐரோப்பிய வேரில் போய் நிற்கும்.

சிப்பியிலிருந்து பொருள்கள் பிரிந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓட்டின் விளிம்பைப் பார்த்தவர்கள் துணி ஓரத்துக்கும் ரொட்டிக் கத்தியின் அலைபோன்ற வாய்க்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ஓட்டையே தட்டாக வைத்துச் சமைத்தவர்கள் அந்தச் சமையல் முறைக்கு வைத்தார்கள். பிரெஞ்சுச் சமையலில் மெல்லிய இறைச்சித் துண்டுக்கு எஸ்கலோப் என்று பெயர் வந்தது, வெந்தவுடன் அது ஓடு மாதிரி சுருண்டுகொள்வதால் என்று சொல்வதுண்டு. உங்கள் பட்டியலில் உள்ள கோழி அந்த வழியில் வந்தது. இத்தாலியர்களின் ஸ்கலோப்பினியும் அதன் உறவே.

பொரித்த உருளைக்கிழங்கு எந்த வழியில் வந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து, அது மெல்லிய துண்டு என்ற வழியில் வந்தது.

ஊசியும்நூலும்

வாசகி அக்கா, தையல் ஸ்கேலப் பற்றி நான் சொல்கிறேன். பிளவுஸ் தைத்துக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். இப்போது கை ஓரத்திலும் கழுத்திலும் ஸ்கேலப் கேட்காதவர்கள் குறைவு. சேலைகளும் ஓரம் அரைவட்டமாக வெட்டி, விளிம்பில் எம்ப்ராய்டரி போட்டு "ஸ்கேலப் பார்டர்" என்றே வருகின்றன.

பார்க்க எளிதாகத் தெரியும், தைப்பது எளிதல்ல. முதலில் ஓரத்தின் மொத்த நீளத்தை அளந்து, வட்டங்கள் பாதியில் முடியாதபடி சமமாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் ஒரு மூடியோ வளையலோ வைத்து வரைவோம். லைனிங் வைத்து உள்பக்கமாகத் தைத்த பிறகு, இரண்டு வட்டம் சேரும் மூலையில் தையல் நூல் வரைக்கும் கத்தரியால் ஒரு கட் கொடுக்க வேண்டும். நூலுக்கு முன்னாலேயே கத்தரி நின்றுவிட்டால் திருப்பும்போது அந்த இடம் இழுக்கும், நூலைத் தாண்டினால் பிரிந்துவிடும். வெளியே வளைகிற பக்கத்தில் சின்னச் சின்ன முக்கோணமாகத் துணியை எடுத்துவிட்டால்தான் உள்ளே தடிப்பு இல்லாமல் வட்டம் வட்டமாகவே உட்காரும்.

ஒரு சந்தேகம். சிப்பியின் விளிம்பு நாங்கள் தைக்கிற அளவுக்கு அரைவட்டமாக இருக்காதே? படத்தில் பார்த்தால் இலேசான அலை மாதிரிதான் தெரிகிறது.

சொல்வேர்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஓட்டின் ஒவ்வொரு மேட்டு வரியும் விளிம்பில் சிறிதாக வளைந்து முடிகிறது. ஓவியர்களும் சிற்பிகளும் அந்த வளைவை எடுத்துக் கொஞ்சம் மிகைப்படுத்தினார்கள். அதிலிருந்து வந்ததுதான் தையல் அரைவட்டம்.

கட்டடக் கலையில் வரும் ஸ்காலப் வளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவின் உள்விளிம்பு இதழ் இதழாக இருக்கும். ஸ்பெயினின் கோர்தோபா மசூதியில், தில்லி செங்கோட்டையில், நம் மதுரை திருமலை நாயக்கர் மகாலில் எல்லாம் பார்க்கலாம். அந்த வடிவத்துக்குத் தனி வரலாறு உண்டு, ஆங்கிலேயர்கள் தங்களுக்குத் தெரிந்த சிப்பியின் பெயரை அதற்கும் ஒட்டிவிட்டார்கள்.

யாராநதி

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். முதலில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும்: விக்டோரியாவில் அந்த உருளைக்கிழங்குப் பண்டத்துக்குப் பெயர் "பொட்டேட்டோ கேக்". தாஸ்மேனியாவிலும் அப்படித்தான். தெற்கு ஆஸ்திரேலியாவில் "ஃபிரிட்டர்". நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து பக்கம்தான் ஸ்காலப் என்பார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் சில ஊர்களில் இதே பெயர் உண்டு, ஆகவே குடியேறிகள் கொண்டுவந்த வழக்கு என்றுதான் தோன்றுகிறது. இங்கே வேலையிடத்தில் இரண்டு மாநிலத்துக்காரர்கள் சேர்ந்தால் இந்தப் பேச்சு கண்டிப்பாக வரும்.

சொல்வேர் ஐயா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நான் ஏற்கவில்லை. எஸ்கலோப் என்பது ஓட்டல் சொல். மீன் வறுவல் கடை உழைக்கும் மக்களின் கடை. அங்கே யார் பிரெஞ்சுச் சமையல் சொல்லைத் தேடி எடுத்து உருளைக்கிழங்குக்கு வைத்திருப்பார்கள்? கடையில் நிஜச் சிப்பியையும் மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள். வட்டமாக, வெள்ளையாக, மேலே மொறுமொறுவென்று. அதே வாணலியில் உருளைக்கிழங்கு வட்டத்தைப் போட்டால் பார்க்க அப்படியே இருக்கும், விலையோ குறைவு. பெயர் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

குசினிக்காரன்_பாரிஸ்

வணக்கம். நான் பாரிசில் உணவகக் குசினியில் வேலை. எங்கட ஆட்கள் இந்தத் தொழிலில் இங்கே நிறைய பேர். இந்தச் சிப்பியைத் திறக்காத பனிக்காலம் எனக்குக் கிடையாது.

இங்கே இதற்கு "கோக்கி சேன் ஜாக்" என்று பெயர், இயேசுவின் சீடரான புனித யாகப்பரின் சிப்பி. ஒரு பக்க ஓடு தட்டை, மற்றது குழிவு. தட்டை ஓட்டை ஒட்டிக் கத்தியை விட்டு உள்ளே தசை பிடித்திருக்கும் இடத்தை அறுத்தால் திறந்துகொள்ளும். நடுவில் வெள்ளை உருளையாக இருப்பது "நுவா", அதுதான் விலை. அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் நாக்கு மாதிரி இருப்பது "கொராய்", சினைப் பகுதி. ஓரத்தில் சவ்வு மாதிரி தொங்குவதை "பார்ப்" என்போம். அதை எறிவதில்லை, நன்றாகக் கழுவி மீன் சாறு காய்ச்ச எடுப்போம்.

சமையல் முறைக்குப் பெயர் வந்தது எப்படி என்று கேட்டால் அந்தக் குழிவான ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். அது ஆண்டவன் செய்து வைத்த தட்டு. வெள்ளைச் சோசும் சிப்பித் தசையும் போட்டு, மேலே ரொட்டித்தூளும் வெண்ணெயும் தூவி அடுப்பில் வைத்தால் ஓரமெல்லாம் சிவந்து வரும். ஆங்கிலேயர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே சாதாரண சிப்பி இறைச்சியையும் இந்த ஓட்டில் வைத்துச் சுட்டார்கள். பிறகு ஓட்டு வடிவில் வெள்ளித் தட்டும் பீங்கான் தட்டும் செய்தார்கள். ஓடு போய்த் தட்டு வந்தாலும் பெயர் நின்றுவிட்டது. பாலாடையில் அடுக்கி அடுப்பில் வைக்கும் ஸ்காலப்டு உருளைக்கிழங்கு அதிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் பொரித்த உருளைக்கிழங்கு விஷயத்தில் நான் சொல்வேர் அண்ணாவின் பக்கம். இங்கே குசினியில் எஸ்கலோப் ஓட்டல் பெயர் மட்டும் இல்லை, செய்கையும்கூட. "எஸ்கலோப்பே" என்று செஃப் சொன்னால் கத்தியைச் சாய்த்துப் பிடித்து மெல்லிய துண்டாக வெட்டு என்று அர்த்தம். இறைச்சியை, மீனை, காளானைக்கூட அப்படி வெட்டுவோம். துண்டு போடும் செய்கையே பெயராக இருக்கும்போது உருளைக்கிழங்குக்கு அது பொருந்தாமல் போகுமா?

யாராநதி

பாரிஸ் குசினிக்குப் பொருந்தும் தம்பி. மான்செஸ்டர் பக்கத்துக் கடைக்குப் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி. மெல்லிய துண்டுதான் காரணம் என்றால் சிப்ஸையும் ஸ்காலப் என்றிருக்க வேண்டும். வட்டமாக, தடியாக, மாவு போர்த்தியதை மட்டும் ஏன் அப்படி அழைத்தார்கள்? பொரித்த சிப்பி அப்படி இருப்பதால்தான்.

சொல்வேர்

சிப்ஸ் குச்சியாக வெட்டியது, அதற்கு ஸ்காலப் பொருந்தாது. ஆங்கில அகராதிகளில் ஸ்காலப் என்ற சொல்லுக்கே "எலும்பில்லாத மெல்லிய இறைச்சித் துண்டு" என்ற பொருளும் இருக்கிறது, எகரம் இல்லாமலேயே. ஆகவே பிரெஞ்சு ஓட்டல் வழியாக மட்டுமே அது வந்திருக்க வேண்டும் என்பதில்லை. என் கருத்தில் மாற்றமில்லை. உங்கள் கருத்தும் பலமுள்ளதுதான், வாசகி இரண்டையும் வைத்துப் பார்க்கட்டும்.

நெய்தல்நிலம்

தூத்துக்குடியில் கடல் உயிரியல் படித்தவன். இவ்வளவு நேரம் எல்லோரும் ஓட்டைப் பற்றியும் வாணலியைப் பற்றியும் பேசிவிட்டீர்கள். உள்ளே இருக்கும் உயிரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நாட்டாரும் இதற்கு வைத்த பெயர் அந்த உயிரின் வேறு வேறு அம்சத்திலிருந்து வந்திருக்கிறது.

லத்தீனில் பெக்டன். சீப்பு என்று பொருள். 1758-இல் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயரிட்டபோது சேர்ந்த ஐரோப்பியப் பெரிய வகைக்கு இன்று பெக்டன் மாக்ஸிமஸ் என்று பெயர். கிரேக்கர், ரஷ்யர், துருக்கியர், நார்வேக்காரர் எல்லோரும் இதைச் சீப்பு என்றோ சீப்புச் சிப்பி என்றோதான் அழைக்கிறார்கள். ஓட்டின் வரிகள் சீப்புப் பற்கள் மாதிரி தெரிந்திருக்கின்றன. சீனர்களுக்கு விசிறிச் சிப்பி. ஜப்பானியர் வைத்த பெயர்தான் எனக்கு மிக அழகாகப் படுகிறது: ஹொத்தாத்தே, அதாவது கப்பல்போல் பாய் விரித்தது. ஒரு ஓட்டைப் பாய்போல் தூக்கிக் காற்றில் ஓடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

பாய் விரித்து ஓடாது என்றாலும் நீந்தும், அது நிஜம். பெரும்பாலான சிப்பிகள் பாறையில் ஒட்டியோ மணலில் புதைந்தோ வாழும்போது இது இரண்டு ஓட்டையும் திறந்து பட்டென்று மூடி, நீரைப் பீய்ச்சி எம்பி எம்பிப் போகும். நட்சத்திர மீன் அருகில் வந்தால் உடனே கிளம்பிவிடும். அந்த மூடும் தசைதான் நீங்கள் சாப்பிடும் வெள்ளை உருளை. எப்போதும் வேலை செய்கிற தசை என்பதால்தான் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

கண்களும் உண்டு. ஓட்டின் விளிம்பை ஒட்டி இரண்டு வரிசையாக, சில வகைகளில் 200 வரை, மணி மணியாக நீல நிறத்தில் மின்னும். நம் கண்ணில் வில்லை ஒளியைக் குவிக்கிறது. அதன் கண்ணில் அந்த வேலையைப் பின்பக்கம் இருக்கும் ஒரு குழியாடி செய்கிறது. குவானின் என்ற பொருளின் சதுரப் படிகங்கள் தளம் பாவியதுபோல் அடுக்கி அந்த ஆடி உருவாகியிருப்பதை 2017-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொலைநோக்கி செய்கிற முறையும் இதே முறை. இத்தனை கண்ணோடு இருக்கும் ஓர் உயிரைச் சீப்பு என்று மட்டும் அழைப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

இன்னொன்று. நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்று அழைக்கும் சுத்தியல் தலைச் சுறாக்களில் ஒரு வகைக்கு ஆங்கிலத்தில் ஸ்காலப்டு ஹாமர்ஹெட் என்று பெயர். தலையின் முன்விளிம்பு அலை அலையாக உள்வாங்கியிருக்கும். தையல் அக்கா சொன்ன அதே ஓரம்தான். உலக அளவில் அழியும் விளிம்பில் இருக்கும் இனம் அது.

இயற்பியல்_மாணவி

நெய்தல் அண்ணா, நீந்துவதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடத்தில் "ஸ்காலப் தேற்றம்" என்றே ஒன்று இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் 1976-இல் ஆற்றிய ஓர் உரையில் சொன்னது. பாக்டீரியா அளவுக்குச் சிறிய உயிருக்குத் தண்ணீர் தேன்பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். அங்கே ஓட்டைத் திறந்து மூடி நீந்த முடியாது, மூடும்போது எவ்வளவு முன்னே போகுமோ அவ்வளவும் திறக்கும்போது பின்னே வந்துவிடும். வேகமாக மூடி மெதுவாகத் திறந்தாலும் பயனில்லை. அதனால்தான் பாக்டீரியா வாலைத் திருகாணி மாதிரி சுழற்றி நகர்கிறது. சிப்பி நீந்துவதற்குக் காரணம் அது பெரியதாக இருப்பதுதான்.

வேர்க்காட்டான்

தங்கச்சிமடத்துக்காரன். பாரிஸ் நண்பர் புனித யாகப்பர் சிப்பி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் வேர்க்காட்டில் இருப்பது புனித சந்தியாகப்பர் ஆலயம். சந்தியாகப்பரும் அதே யாகப்பர்தான், ஸ்பெயினில் சாந்தியாகோ. "சாந்த் யாகோ" என்ற இரண்டு சொல் சேர்ந்து போர்த்துக்கீசியர் வழியாகக் கடற்கரைக்கு வந்து சந்தியாகு ஆகிவிட்டது. ஜூலை 25 அவர் திருநாள்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊரில் அவர் கல்லறை இருப்பதாக நம்பிக்கை. ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாதக்கணக்கில் நடந்து வருவார்கள், இன்றும் வருகிறார்கள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக அந்தக் கடற்கரையில் கிடைக்கும் இந்தச் சிப்பியைத் தொப்பியிலோ மேலங்கியிலோ தைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 12-ஆம் நூற்றாண்டிலேயே ஆலயத்தின் முன்னால் சிப்பி விற்பனை நடந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. பல நாடுகளில் பழைய கல்லறைகளைத் தோண்டும்போது எலும்போடு இந்தச் சிப்பி கிடைத்திருக்கிறது. வழியில் தண்ணீர் மொள்ளவும் அதுதான் பாத்திரம். இன்று அந்தப் பாதை நெடுகிலும் வழிகாட்டிக் கற்களில் நீலத்தில் மஞ்சள் சிப்பி போட்டிருப்பார்கள்.

யாகப்பரின் உடல் வந்த கப்பலைப் பார்த்து மிரண்ட ஒரு குதிரை சவாரிக்காரனோடு கடலில் பாய்ந்தது, இருவரும் உடம்பெல்லாம் சிப்பி ஒட்ட உயிரோடு கரையேறினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. ஞானஸ்நானத்தில் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும் பாத்திரம் பல கோவில்களில் சிப்பி வடிவில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

குசினிக்காரன்_பாரிஸ்

வேர்க்காட்டு அண்ணா, எங்கட யாழ்ப்பாணக் குருநகரிலும் யாகப்பர் ஆலயம்தான். நீங்கள் சந்தியாகப்பர் என்கிறீர்கள், நாங்கள் யாகப்பர் என்கிறோம். இத்தனை நாளும் அவருடைய பெயரில் இருக்கும் சிப்பியை அறுத்துக்கொண்டு இந்தத் தொடர்பை யோசித்ததில்லை. ஜெர்மன்காரரும் யாகோப்ஸ்முஷெல் என்றுதான் சொல்கிறார்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கியூபெக்கில் பட்டியலில் "பெத்தோங்கிள்" என்று இருந்தால் அது இந்தச் சிப்பிதான். இங்கே பிரான்சில் அந்தச் சொல் சிறிய வகைக்கு மட்டும்.

சொல்வேர்

வேர்க்காட்டாரின் பதிவுக்கு நன்றி. ஸ்பெயினில் இதற்கு "வியெய்ரா" என்று பெயர். யாகப்பருக்கு முன்னால் இந்தச் சிப்பி யாருடையது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. அது லத்தீனில் வீனஸ் தேவதையின் பெயரிலிருந்து பிறந்தது. ஃபிளாரன்சில் போட்டிசெல்லியின் ஓவியத்தில் வீனஸ் நிற்பது இதே ஓட்டின் மேல்தான். காதல் தேவதையின் சின்னம் யாத்திரைக்காரனின் சின்னம் ஆனது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பிற்காலத்தில் பிரபுக்கள் அதைக் குடும்பச் சின்னத்தில் பொறித்தார்கள். இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பச் சின்னத்தில் மூன்று சிப்பிகள். அதை நினைவில் வைத்து அவருடைய மகன்களின் சின்னத்தில் சிவப்புச் சிப்பி சேர்ந்தது.

பழைய_பெட்ரோல்பங்க்

ஷெல் நிறுவனத்தின் சின்னமும் இதுதானே? எங்கள் அப்பா பர்மா ஷெல் பங்கில் வேலை பார்த்தவர். அந்த மஞ்சள் சிப்பியைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

சொல்வேர்

அதேதான் ஐயா. லண்டனில் மார்க்கஸ் சாமுவேல் குடும்பம் கிழக்கு நாடுகளிலிருந்து கிளிஞ்சல்களை இறக்குமதி செய்து, அதை ஒட்டி அலங்காரப் பெட்டிகள் விற்றது. பிறகு மண்ணெண்ணெய் வியாபாரத்தில் இறங்கியபோது ஷெல் என்ற பெயரை வைத்தார்கள். 1892-இல் சூயஸ் கால்வாய் வழியாகப் போன அவர்கள் எண்ணெய்க் கப்பலுக்கு மியூரெக்ஸ் என்று ஒரு கடல் நத்தையின் பெயர். 1901-இல் சின்னமாக வந்தது வேறொரு சிப்பி, 1904-இல்தான் ஸ்காலப் வந்தது. இன்று நாம் பார்ப்பது ரேமண்ட் லோவி 1971-இல் வரைந்தது. பர்மா ஷெல் 1976-இல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆனது, சிப்பியும் அப்போது நம் சாலைகளிலிருந்து மறைந்தது.

சின்னவெங்காயம்

குறுக்கே ஒரு கேள்வி. சின்ன வெங்காயத்துக்கு ஆங்கிலத்தில் ஷாலட், வெங்காயத் தாளுக்கு ஸ்காலியன். இவையும் ஸ்காலப்புக்குச் சொந்தமா? ஒலி அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே.

சொல்வேர்

இல்லை. இரண்டும் அஸ்கலோன் என்ற பழைய மத்தியதரைக் கடல் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தவை. ரோமானியர் "அஸ்கலோன் வெங்காயம்" என்று அழைத்தார்கள். ஊர் இன்று இஸ்ரேலில் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல்

நிலவியல் துறையிலிருந்து ஒரு ஸ்காலப். சுண்ணாம்புக்கல் குகைகளின் சுவரில் கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி பள்ளங்கள் வரிசையாக இருக்கும். ஓடுகிற நீர் பாறையைக் கரைப்பதால் வருவது. அவற்றின் பெயரும் ஸ்காலப்தான். நீர் வேகமாக ஓடிய இடத்தில் பள்ளங்கள் சிறியவை, மெதுவாக ஓடிய இடத்தில் பெரியவை. ஒவ்வொன்றிலும் செங்குத்தான சரிவு நீர் வந்த பக்கம் இருக்கும். ஆகவே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன குகையிலும் ஆறு எந்தத் திசையில், ஏறக்குறைய என்ன வேகத்தில் ஓடியது என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இரவுப்பணி

மருத்துவத்திலும் உண்டு. நாக்கு வீங்கி ஓரத்தில் பல் பதிந்து அலை அலையாகத் தெரிந்தால் ஸ்காலப்டு நாக்கு என்று எழுதுவோம். தைராய்டு குறைவு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில், சிறுகுடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்கும்போது மடிப்புகளின் விளிம்பு வெட்டு வெட்டாகத் தெரியும். அதற்கும் இதே சொல்.

யாராநதி

வாசகி, பட்டியலில் நியூசிலாந்துச் சிப்பி வந்தால் ஒரு தகவல். அங்கே பேர்போனது கோரமண்டல் ஸ்காலப். 1820-இல் மரம் ஏற்ற வந்த கோரமண்டல் என்ற பிரிட்டிஷ் கப்பலின் பெயர் அந்தக் கரைக்கு வந்தது. கப்பலுக்குப் பெயர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. சிப்பி வளம் குறைந்துபோனதால் 2022-இல் அங்கே பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தாஸ்மேனியா போனால் கறித்தூள் போட்ட ஸ்காலப் பை கிடைக்கும், நம் நாக்குக்கு ஒத்துவரும்.

முக்கியமான ஒன்று, சைவர்களுக்காக. உருளைக்கிழங்கு ஸ்காலப் பெயரில் சிப்பி இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. பல கடைகளில் மீனும் அதுவும் ஒரே எண்ணெயில் பொரியும். சில கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன, அது சுவை கூட்டும் என்று. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சிட்னி_வாசகி

எண்ணெய் விஷயத்தை நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அண்ணா, மிக்க நன்றி. நாளை கடைக்குப் போன் செய்து கேட்கிறேன். தனி வாணலி இல்லை என்றால் சைவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்விடுவோம்.

பட்டியலில் எழுதப்போவது இதுதான். பொரித்த பண்டத்துக்கு "மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வட்டம்", அடியில் சிறிய எழுத்தில் "கடையில் ஸ்காலப் என்று கேட்கவும்". கடல் உணவுக்கு "விசிறிச் சிப்பி", சீனர் வைத்த பெயர் நமக்கும் படம்போல் புரிகிறது. அடுப்பில் சுட்டதற்கு "பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு அடுக்கு". கோழிக்கு "மெல்லிய கோழித் துண்டு வறுவல்".

ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது என்றும் சிலர் கேட்டார்கள். ஸ்காலப், ஸ்கேலப் எது சரி?

சொல்வேர்

இரண்டுமே சரி. ஆங்கிலேயர்களே இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள், ஒரு காலத்தில் இரண்டு விதமாக எழுதவும் செய்தார்கள். சிட்னிக் கடையில் ஸ்காலப் என்று சொல்லச் சொல்லுங்கள், அங்கே காதுக்குப் பழகியது அதுதான். சிப்பி வேண்டுமென்றால் முன்னால் "சீ" சேர்த்துக் கேட்கட்டும்.